நானூற்று முப்பத்திரண்டு கட்டங்கள்

பத்து மணிக்கு லைட் தானாக எரியும். நான் வந்து நின்றாலும் எரியும், வராவிட்டாலும் எரியும், சுவரில் செருகியிருக்கிற டைமர் அதைப் பார்த்துக்கொள்ளும். இருந்தாலும் பத்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போதே பேஸ்மென்ட் படியிறங்கி வந்து கூடாரத்துக்கு முன்னால் கத்தரிக்கோலும் கையுமாக நிற்கிறேன். கூடாரம் என்பது பெரிய சொல். நானே அடித்த மரச்சட்டம், உள்பக்கம் வெள்ளையும் வெளிப்பக்கம் கறுப்புமான தடித்த பிளாஸ்டிக், முன்னால் ஒட்டவைத்த ஒரு ஸிப், மூலையில் ஒரு காற்றாடி, அவ்வளவுதான். இரவு பத்திலிருந்து காலை பத்து வரைக்கும் அந்த ஸிப்பைத் திறக்கக் கூடாது. பூக்கிற காலத்தில் செடிக்கு இருட்டு முழு இருட்டாக வேண்டும், கைபேசி வெளிச்சம் பட்டாலும் அது குழம்பிப் போகும் என்று என்னோடு வேலை செய்த ஜோவாக்கிம் சொல்லியிருந்தான். இப்போது குழம்பினால் என்ன, வெட்டத்தானே வந்திருக்கிறேன். ஆனாலும் கை ஸிப்புக்குப் போகவில்லை. ஏழு நிமிடம் பொறுக்கிறேன். பொறுப்பதில் நான் கெட்டிக்காரன், பொறுத்துப் பொறுத்தே ஒரு மனுஷியைப் பட்டினி போட்டவன். நேற்று எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்தது. என் மனைவி தவமலர் போய் இன்றைக்கு ஒன்பது நாள். மேலே மகள் ஆரணி சூட்கேஸ் அடுக்குகிற சத்தம் கேட்கிறது, ஒரு மணிக்கு விமான நிலையத்துக்குக் கிளம்புகிறாள், கல்கரிக்கு. அதற்குள் அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

காலையில் தேத்தண்ணி குடிக்கும்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தும் விட்டேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டு, பாணில் பட்டர் பூசியபடி, என் முகத்தைப் பார்க்காமல், "அம்மாக்கு நாங்கள் ஒரு குறையும் விடேல்லை, என்னப்பா?" என்றாள். நான் ஓம் என்றேன். ஓம் என்கிற சொல் எவ்வளவு லேசாக வந்தது. நேற்றுச் சனத்துக்கு முன்னாலும் அதையேதான் சொன்னாள், அப்பா மாதிரி ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டினம், வேலையையும் விட்டுப்போட்டுக் கூட இருந்தவர் என்று. மாமிமார் தலையாட்டினார்கள். எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது போல இருந்தது. நிலம் பிளக்கவில்லை, வடை வந்தது, தின்றேன். சொல்ல வேண்டியது இரண்டே வசனம். செடி சுணங்குது என்று நான் உனக்குப் போனில் சொன்னது பொய். செடி சுணங்கவில்லை, நான்தான் சுணக்கினேன். இதைச் சொல்லாமல் அவளை விமானத்தில் ஏற்றிவிட்டால், பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் போன் எடுக்கும்போதெல்லாம் அந்த ஓம் என் வாய்க்குள் கிடக்கும். சொன்னால் அவள் என்னை அப்பா என்று கூப்பிடுவாளோ தெரியாது. தாயோடு ஒட்டின பிள்ளை.

இந்தச் செடி எங்கள் வீட்டுக்கு வந்ததே வெட்கப்பட்டுக்கொண்டுதான். ஜோவாக்கிமும் நானும் பத்தொன்பது வருஷம் ஒன்றாக டைல்ஸ் பதித்தவர்கள். போர்த்துக்கல்காரன், முழங்கால் இரண்டும் போய் இப்போது ஓய்வில் இருக்கிறான். தவமலருக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்து, மருந்து ஏற்றத் தொடங்கி, அவள் வாயில் ஒன்றும் தங்காமல் எலும்பும் தோலுமாகப் போனபோது, தான் வளர்த்த செடியின் காய்ந்த பூவை ஒரு ஜாம் போத்தலில் கொண்டுவந்து தந்தான். நாலு செடி வரைக்கும் வீட்டில் வளர்க்கலாம் என்பது இங்கே சட்டம், களவு ஒன்றுமில்லை. ஆனால் கஞ்சா என்ற சொல்லைக் கேட்டதும் தவமலர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். "எங்கட பரம்பரையில ஆரும் இதைத் தொட்டதில்லை, நான் போற காலத்தில தொடவோ?" என்றாள். நான் அதை நெய்யில் மெதுவாகக் காய்ச்சி வடித்து, அரைத் தேக்கரண்டி எடுத்து, சூடான புட்டில் விட்டுக் கொடுத்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து இன்னும் கொஞ்சம் புட்டு இருக்கோ என்று கேட்டாள். இருபத்தெட்டு வருஷம் அவள் எனக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாள், அவள் எதையும் இன்னும் கொஞ்சம் என்று கேட்டு நான் கண்டதில்லை. குசினிக்குள் போய் நின்று அழுதுவிட்டுத்தான் புட்டுக் கொண்டுபோனேன். கடையில் விற்கிற எண்ணெய் இரண்டு வகை முதலே வாங்கிப் பார்த்தோம். ஒன்று குடித்த கையோடு சத்தியாகத் திரும்பி வந்தது, மற்றதைக் குடித்துவிட்டு இரண்டு நாள் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். இந்தச் செடியின் நெய்தான் அவளுக்குப் பிடித்தது. உங்கட நெய் என்பாள். பிறகு ஜோவாக்கிமின் செடிகளில் பூச்சி பிடித்து அவன் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தான், அதற்கு முன் ஒடித்துத் தந்த இரண்டு கொப்புகள் மட்டும் என்னிடம் வேர்விட்டு மிஞ்சின. உலகத்தில் அந்த நெய்க்கு வேறு வழியில்லை, இந்த இரண்டும்தான். வாசம் மேலே ஏறி வரும்போது மட்டும் பயம். பார்க்க வந்த சனம் மூக்கைச் சுருக்கினால் தவமலர் படுத்த படுக்கையிலேயே, "றோட்டில ஸ்கங்க் ஒண்டு அடிபட்டுக் கிடக்கு" என்பாள். ஸ்காபரோவில் எந்த நாளும் எங்கேயாவது அந்த நாற்றம் பீச்சுகிற பிராணி ஒன்று அடிபட்டுத்தான் கிடக்கும், எல்லாரும் நம்பினார்கள். அவர்கள் போன பிறகு சிரிப்பாள், சிரிக்க வயிறு நோகும், நோக நோகச் சிரிப்பாள்.

வலை கட்டச் சொன்னதும் ஜோவாக்கிம்தான். செடியை அதன் பாட்டுக்கு விட்டால் நடுக்கொப்பு மட்டும் நெடுநெடு என்று போய் லைட் முழுவதையும் தானே குடிக்கும், பக்கக் கொப்புகள் நிழலில் சோர்ந்துபோகும். அதனால் தொட்டிகளுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி, வலையைத் தாண்டித் தலைநீட்டுகிற ஒவ்வொரு நுனியையும் பிடித்து மெதுவாகக் கீழே அமுக்கிப் பக்கத்துக் கட்டத்துக்குள் தள்ளிவிட வேண்டும். அது அங்கே கிடந்து மறுபடி தலைநீட்டும், மறுபடி தள்ள வேண்டும். இப்படியே வலை முழுக்கப் பரவவிட்டால் எல்லா நுனிக்கும் ஒரே வெளிச்சம், எல்லாவற்றிலும் பூ. சட்டம் நாலடிக்கு மூன்றடி, நூல் இரண்டு அங்குலத்துக்கு ஒன்று, ஆக நானூற்று முப்பத்திரண்டு கட்டம். டைல்ஸ்காரன் கட்டினால் வேறெப்படி இருக்கும், ஒவ்வொரு கட்டத்தையும் மூலைமட்டம் வைத்துப் பார்த்துத்தான் முடிச்சுப் போட்டேன். தவமலர் அப்போது படியிறங்கி வருவாள். பிளாஸ்டிக் கதிரையில் சால்வையைப் போர்த்துக்கொண்டிருந்து, "அந்தா, அந்தக் கரையில ஒண்டு எட்டிப் பாக்குது, அமத்துங்கோ" என்பாள். அமத்துவேன். "பாவம், எழும்ப விடுறியள் இல்லை." வகுப்பில் பிள்ளைகளை இருத்துகிற மாதிரி இருக்கு என்பாள், பத்து வருஷம் வட்டுக்கோட்டையில் படிப்பித்தவள். சில நாள் அவளே கையை நீட்டி ஒரு நுனியைத் தள்ளிவிடுவாள், விரலில் பிசின் ஒட்டும், மணந்து பார்ப்பாள், தேசிக்காய் இலை மாதிரி என்பாள். மேலே போன பிறகும் அந்த விரலை மணந்துகொண்டிருப்பாள். இருபத்தெட்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் செய்த வேலை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், மற்றதெல்லாம் அவள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்.

முக்கால்வாசி நிரம்பினால் காணும், லைட்டைத் திருப்பு என்று ஜோவாக்கிம் சொன்னான். திருப்புவது என்றால் பதினெட்டு மணித்தியாலம் எரிகிற லைட்டைப் பன்னிரண்டாகக் குறைப்பது, அதற்குப் பிறகுதான் செடி பூக்க நினைக்கும், அதிலிருந்து பூ முற்ற ஒன்பது கிழமை, அறுபத்துமூன்று நாள். திருப்பின பிறகும் அது இரண்டு கிழமை இழுபட்டு வளரும், மிச்சக் கட்டத்தை அதுவே நிரப்பும், நீ ஒன்றுக்கும் யோசிக்காதே என்றும் சொன்னான். சொன்னான், நான் கேட்டேன், காதில் விழுந்தது, எல்லாம் சரி. ஆனால் நான் பத்தொன்பது வருஷம் முக்கால்வாசிக் குளியலறையை ஒருத்தரிடமும் ஒப்படைத்ததில்லை. முக்கால்வாசி தாண்டியும் பின்பக்க வலது மூலையில் வெறுமையாக முப்பத்தேழு கட்டம் கிடந்தது. கண் அங்கேயேதான் போகும். முப்பத்தேழு கட்டம் என்றால் முப்பத்தேழு பூ, முப்பத்தேழு பூ என்றால் இன்னும் ஒரு மாத நெய், ஒரு மாத நெய் என்றால் அவள் இன்னும் ஒரு மாதம் சாப்பிடுவாள். சாப்பிடுகிற வரைக்கும் இருப்பாள். இப்படித்தான் என் மூளை போனது, வெளியே சொன்னால் விசர் என்பார்கள், உள்ளே இருக்கும்போது அது கணக்கு மாதிரியே இருந்தது. அன்றைக்கு ஒரு வெள்ளிக்கிழமை. கதிரையிலிருந்து அவள் சொன்னாள், "இஞ்சேருங்கோ, காணும். லைட்டைத் திருப்புங்கோ." நான் குனிந்து ஒரு நுனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். "இன்னும் அந்த மூலை கிடக்கு" என்றேன். "மூலைக்கே பசிக்குது? எனக்கெல்லோ பசிக்கோணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான், "நீர் பேசாமல் இரும், எனக்குத் தெரியும்" என்றேன். அவளும் பேசாமல் இருந்தாள். நான் லைட்டைத் திருப்பியது அதிலிருந்து இருபத்தாறாவது நாள்.

அவள் ஒருமுறைதான் சொன்னாள். இதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்கிறேன். இரண்டாம் முறை சொல்லியிருந்தால் அந்த நிமிடமே திருப்பியிருப்பேன், நான் என்ன கல்லா. சுவருக்குப் பூசுகிற நிறத்துக்கே மூன்று தரம் சண்டை பிடிக்கிறவள், தனக்கு அவ்வளவு அவசரம் என்றால் இன்னொரு தரம் சொல்லியிருக்க மாட்டாளா. அவளுக்கும் மனதுக்குள் மூலை நிரம்பட்டும் என்று இருந்திருக்கும். இப்படி நினைக்கும்போது ஒரு நிமிடம் மூச்சு நேராக வருகிறது, அடுத்த நிமிடமே நாட்கள் வந்து முன்னால் நிற்கின்றன. அன்றைக்கே திருப்பியிருந்தால், பூ வந்து, வெட்டி, பத்து நாள் காயவிட்டு, அவளுடைய கடைசிப் பன்னிரண்டு நாளுக்கு நெய் இருந்திருக்கும். போத்தல் வழித்துத் துடைத்து முடிந்தது அவள் போவதற்குப் பத்தொன்பது நாளுக்கு முந்தி. அந்தப் பத்தொன்பது நாளும் அவள் தின்றது என்று சொன்னால் ஐஸ் துண்டும், கொஞ்சம் சோற்றுக் கஞ்சித் தண்ணியும், அதுவும் திரும்பி வந்துவிடும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, "நெய் இல்லையோ" என்று கேட்டாள். செடி சுணங்குது என்றேன். அவளிடமும் அதையே சொன்னேன், கீழே வந்து தன் கண்ணால் எல்லாவற்றையும் பார்த்தவளிடம். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள். டாக்டர் மனுஷி நல்லவள், எது செய்திருந்தாலும் நாள் கூடியிராது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து என் கையைப் பிடித்துச் சொன்னாள். நாள் கூட்ட அல்ல அம்மா, புட்டுக்காக. அதை நான் எப்படி இங்கிலீஷில் சொல்வேன். லைட்டைத் திருப்பிய பன்னிரண்டாம் நாள் பார்த்தால், அந்த மூலையில் மிச்சம் கிடந்த கட்டமும் தானாகவே நிரம்பி, நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. ஜோவாக்கிம் சொன்னபடியே.

டிக் என்ற சத்தம் கேட்டது. ஸிப் தையல் வழியாக வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. திறந்தேன். மணம் முகத்தில் அடித்தது. பூக்கள் ஒரே மட்டத்தில், ஒன்றுக்கொன்று ஏற்றத்தாழ்வு இல்லாமல், நாலடிக்கு மூன்றடி. நான் பதித்த எந்தத் தரையும் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. இது பருவத்துக்கு வந்தது அவளைத் தகனம் செய்த அன்றைக்கு. அன்றைக்கு நான் கீழே வரவில்லை, பிறகும் தண்ணீர் ஊற்ற மட்டும் வந்தேன், அது ஏன் ஊற்றினேன் என்றும் தெரியாது. இப்போது பூவின் மயிர் எல்லாம் பழுப்பாகி விட்டது, இன்னும் வைத்திருந்தால் வீண். வெட்டிக் காயவைத்து என்ன செய்வது, யார் தின்பது. வெட்டாமல் விட்டால் வாடி நூலிலேயே காய்ந்து தொங்கும். கழற்றி எடுக்கவும் முடியாது, ஒவ்வொரு கொப்பும் பத்துப் பன்னிரண்டு கட்டத்துக்குள் புகுந்து வளைந்து முற்றிப் போயிருக்கிறது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் எல்லாம் அசைகிறது. கத்தரிக்கோலை அந்தப் பின்மூலைக்குக் கொண்டுபோனேன், அங்கேயே தொடங்குவோம் என்று. விரல் மடங்கவில்லை. இவ்வளவு வடிவாக வந்திருக்கக் கூடாது, பூச்சி பிடித்திருக்க வேண்டும், பூஞ்சணம் பிடித்து அழுகியிருக்க வேண்டும், அப்போது செடியிலாவது ஒரு குற்றம் இருந்திருக்கும் என்று அதன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

படியில் காலடி கேட்டது. ஆரணிக்கு வீட்டில் சொக்ஸோடு நடக்கிற பழக்கம், ஆனாலும் நாலாம் படி முனகும். ஒரு கையில் அவளுடைய கோட், இன்னும் போடவில்லை. கடைசிப் படியில் நின்றாள். சொல்ல வேண்டும் என்றால் இப்போதுதான், கோட் போட்டுவிட்டாள் என்றால் பிறகு பாஸ்போட், திறப்புக் கோர்வை, கார் என்று போய்விடும். அவள் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தரம், வந்த நாளிலிருந்து கீழே இறங்கவே இல்லை.

"வெட்டப் போறியளோ அப்பா?"

"ஓம். ஆரணி, உமக்கு ஒண்டு சொல்லோணும்."

"சொல்லுங்கோ."

"செடி சுணங்கேல்லை. நான் உமக்குப் போன்ல சொன்னது பொய். அம்மா லைட்டைத் திருப்பச் சொன்னவ. நான்தான் இந்த மூலை நிரம்பட்டும் எண்டு இருபத்தாறு நாள் வச்சிருந்தனான். அதாலதான் அம்மாக்கு நெய் இல்லாமல் போனது. பேசுறதெண்டாப் பேசும், நான் கேக்கிறன்."

நான் பூவைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கோட்டை நிலத்தில் போட்டுவிட்டுப் படியிலேயே இருந்தாள், இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டு. பேசட்டும், கத்தட்டும், இந்தக் கத்தரிக்கோலைப் பிடுங்கி எறியட்டும் என்று காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் காலையில் பாணுக்குப் பட்டர் பூசும்போது இருந்த அதே முகமாக இருந்தது. அப்போது என்னைப் பார்க்காமல் இருந்தது ஏன் என்று நான் யோசிக்கவே இல்லை.

"நீங்கள் செடி சுணங்குது எண்டு சொல்லேக்கயே எனக்குத் தெரியும். அம்மா எனக்குப் போன் எடுத்தவ, அதுக்கு எத்தினையோ நாளுக்கு முந்தி. நீங்கள் குளிக்கப் போன நேரம் பாத்து எடுத்தவ. அப்பாவை லைட்டைத் திருப்பச் சொல்லு பிள்ளை, நான் ஒருக்காச் சொல்லிப்போட்டன், இன்னொருக்காச் சொன்னா அவருக்கு மனம் நோகும், ஆசையா வலை பின்னிக்கொண்டிருக்கிறார், நீ சொன்னாக் கேப்பார் எண்டு."

"எனக்கு நீர் சொல்லேல்லையே."

"நான் வேலையில நிண்டனான். மீட்டிங் ஒண்டுக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டனான். அப்பாக்கு உதெல்லாம் வடிவாத் தெரியும் அம்மா, நீங்கள் அவசரப்படாதேங்கோ, பேசாமல் அவர் சொல்றதைக் கேளுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வச்சிட்டன்." எத்தனையோ தரம் தனக்குத்தானே சொல்லிப் பழகியதைச் சொல்கிறவள் போலச் சொன்னாள். "பிறகு உங்களுக்கு எடுத்துச் சொல்லுவம் எண்டு நினைச்சனான். மறந்து போனன்."

நான் கத்தரிக்கோலைத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் படியில் போய் இருந்தேன். நீர் பிழை செய்யவில்லை என்று சொல்லலாம், அவளும் அதையே எனக்குச் சொல்லுவாள், இரண்டு பேருக்கும் அதில் ஒன்றும் ஆகாது. தோளில் கை வைத்தேன். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் இருக்கிற மாதிரி உடம்பு சுட்டது.

"அதுக்குப் பிறகும் அம்மா ஒவ்வொரு நாளும் பின்னேரம் எனக்குப் போன் எடுப்பா, அப்பா. சாப்பிட்டியோ, குளிரே, வேலை எப்பிடி எண்டு எல்லாம் கேப்பா. லைட்டைப் பற்றி ஒருக்காலும் கேக்கேல்லை."